முகம் காட்டாத காவலர்



காரைக்குடி, கண்டனூர், கோட்டையூர், பள்ளத்தூர் எனச் சாக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களின் பெரிய வீடுகளில், பழைய மரப்பெட்டிகளைத் திறந்தால் கட்டுக் கட்டாய்க் கடிதங்கள் இருக்கக் காணலாம். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் இருந்த கடைகளிலிருந்து மேலாள்கள் ஊரிலிருந்த முதலாளிகளுக்கு எழுதிய கடிதங்கள் அவை. அங்கே நெல் என்ன விலை விற்கிறது, யார் கடனைத் தீர்ப்பார், யார் தீர்க்க மாட்டார், எந்தப் பக்கம் கலகம் வரும்போலத் தோன்றுகிறது என்றெல்லாம் அவற்றில் எழுதியிருக்கும். கடலுக்கு அப்பால் நடப்பதைக் காணாமலே முதலாளி அக்கடிதங்களை நம்பித் தம் முடிவுகளை எடுத்தார். எழுதியவர் உண்மையை எழுதினால் கடை செழித்தது. பொய்யோ அரைகுறையோ எழுதினால் கடை நொடித்தது. உண்மையை எழுதியும் முதலாளி நம்பாமல் விட்டால், அப்பொழுதும் நட்டந்தான்.

ஒரு கடைக்கே இத்துணை தேவைப்படும் செய்தி, ஒரு நாட்டுக்கு எத்துணை தேவைப்படும்! எல்லைக்கு அப்பால் யார் படை திரட்டுகிறார், யார் நம்மோடு நட்பாக இருப்பார், எங்கே ஆட்சி கவிழப் போகிறது என்பதை ஓர் அரசு முன்கூட்டி அறியாவிட்டால், இழப்பது பொருளை மட்டுமன்று. மக்களின் உயிரையும் இழக்க நேரும். இதற்காகவே நாடுகள் அயல்நாட்டு உளவுத்துறைகளை வைத்திருக்கின்றன. நம் பாரத நாட்டில் அத்தகைய துறையை அடித்தளமிட்டுக் கட்டி எழுப்பியவர் ராமேஷ்வர் நாத் காவ் என்பவர். அவர் அமைத்த துறையின் முழுப்பெயர் ஆராய்ச்சி மற்றும் பகுப்பாய்வுப் பிரிவு. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ரா’ என்று சுருக்கமாக அழைப்பர்.

திருவள்ளுவர் பொருட்பாலில் ஒற்றாடல் என்று ஒரு தனி அதிகாரமே வகுத்திருக்கிறார். 59-ஆவது அதிகாரமாகிய அதில், ஓர் ஒற்றர் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும், ஒற்றருக்குச் செய்யும் சிறப்பை ஊரறியச் செய்யலாகாது என்றும் அறிவுறுத்துகிறார். இவ்விரண்டு அறிவுரைகளுக்கும் இலக்கியமாக வாழ்ந்தவர் காவ் என்றால் மிகையாகாது. அவருடைய வாழ்க்கையை நாம் இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

இளமையும் கல்வியும்

காவ் 1918-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் காசி நகரில் பிறந்தார். அவருடைய முன்னோர் காஷ்மீரத்துப் பண்டிதர் குலத்தவர். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்த அவரைச் சிற்றப்பா ஒருவர் தம் பிள்ளைபோல் வளர்த்தார். பரோடாவில் பள்ளிப்படிப்பு, லட்சுமணபுரி எனப்படும் லக்னோவில் பட்டப்படிப்பு, அலகாபாத் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் படிப்பு. பிற்காலத்தில் உளவுத்துறைக்குத் தலைவராகப் போகிறவர் இலக்கியம் கற்றது வீண் என்று எண்ண வேண்டாம். ஒரு நூலை ஊன்றிப் படித்து, வெளிப்படையாகச் சொல்லப்பட்டதோடு சொல்லாமல் விடப்பட்டதையும் உணர்ந்துகொள்ளும் பழக்கம் அவருக்குக் கைவந்தது அங்கேதான்.

1940-ஆம் ஆண்டையொட்டி அவர் இந்தியக் காவல் பணியில் சேர்ந்து கான்பூரில் பணியாற்றத் தொடங்கினார். நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில் தில்லியிலுள்ள புலனாய்வுத் துறைக்கு வந்தார். ஆங்கிலேயர் 1887-இல் தொடங்கிய அத்துறை பெரும்பாலும் நாட்டுக்குள் நடப்பதைக் கண்காணித்து வந்த ஒன்று. விடுதலை இந்தியாவில் அதன் முதல் இயக்குநராக அமர்ந்தவர் ஒரு தமிழர் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. சென்னை மாகாணக் காவல்துறையிலிருந்து சென்ற சஞ்சீவி பிள்ளை என்பவரே அவர். 1950 வரை அப்பொறுப்பில் இருந்த அவருக்குப் பின் பி. என். மல்லிக் என்பவர் இயக்குநரானார். மல்லிக்கின் கீழ்தான் இளைஞரான காவ் தொழில் பழகித் தேர்ந்தார். பிரதமர் நேருவின் பாதுகாப்பைக் கவனிக்கும் பொறுப்பும் சில காலம் அவரிடம் இருந்தது.

கடலில் விழுந்த விமானம்

காவின் திறமை வெளிப்பட்டது ஒரு துயர நிகழ்ச்சியில். 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் ஆசிய ஆப்பிரிக்க நாடுகளின் பெருமாநாடு கூட இருந்தது. அதில் கலந்துகொள்ளச் சீனத் தூதுக்குழுவினரும் செய்தியாளர்களும் ஏர் இந்தியாவின் ‘காஷ்மீர் இளவரசி’ என்னும் விமானத்தில் ஹாங்காங்கிலிருந்து ஏப்ரல் 11-ஆம் நாள் புறப்பட்டனர். சீனப் பிரதமர் சூ என்லாய் அதில் செல்வார் என்றே பலரும் எண்ணியிருந்தனர். அவர் கடைசி வேளையில் பயணத்தை மாற்றிக்கொண்டார். விமானம் தென்சீனக் கடலின் மேலே பறந்துகொண்டிருந்தபொழுது அதில் மறைத்து வைக்கப்பட்டிருந்த வெடிகுண்டு வெடித்தது. விமானம் தீப்பற்றிக் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 19 பேரில் 16 பேர் மாண்டனர். விமானப் பணியாளர் மூவர் மட்டுமே உயிர் தப்பினர்.

அந்த விமானத்தில் கிளோரியா பெரி என்னும் பணிப்பெண் இருந்தார். தீயும் புகையும் சூழ்ந்த வேளையிலும் அவர் பதறாமல் பயணிகளுக்கு மிதவைச் சட்டைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார் என்பதை நாம் இங்கு நினைவுகூர்வது தகும். அவர் உயிர் தப்பவில்லை. விமானத்தைக் கடைசிவரை கட்டுப்பாட்டில் வைத்திருந்த தலைமை விமானி ஜதாரும் தப்பவில்லை. பின்னர் நம் அரசு அவர்களுடைய வீரத்தைப் போற்றி விருதளித்தது.

விமானம் இந்தியாவுடையது, மாண்ட பயணிகளுள் பெரும்பாலோர் சீனர், குண்டு வைக்கப்பட்ட இடமோ ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த ஹாங்காங், விமானம் விழுந்தது இந்தோனேசியாவின் நாட்டுனாத் தீவுகளுக்கு அருகே. இத்தனை நாடுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஐயம் கொண்டிருந்த காலம் அது. இந்நிலையில் நேரு, நாற்பது வயதுகூட நிரம்பாத காவை அந்த விசாரணைக்கு அனுப்பினார். அவர் பல மாதங்கள் அங்கே தங்கி, எல்லோரிடமும் பொறுமையோடு பழகி, சான்றுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். ஹாங்காங் விமான நிலையத்தில் துப்புரவுப் பணி செய்த ஒருவன், தைவான் அரசைச் சேர்ந்த உளவாளிகளிடம் பணம் பெற உடன்பட்டு அக்குண்டை வைத்தான் என்பதும், வைத்தபின் அவன் தைவானுக்குத் தப்பியோடிவிட்டான் என்பதும் விசாரணையில் தெளிவாயின. காவின் நேர்மையைக் கண்ட சூ என்லாய், தம் சொந்த முத்திரையை நினைவுப் பரிசாக அவருக்கு அளித்தார்.

இதன்பின் அவருடைய பெயர் அயல்நாட்டுத் தலைவர்களிடையேயும் பரவியது. ஆப்பிரிக்காவில் 1957-இல் புதிதாக விடுதலை பெற்ற கானா நாட்டின் தலைவர் நுக்ருமா, தம் நாட்டுக்கு ஓர் உளவு அமைப்பை உருவாக்கித் தருமாறு நேருவிடம் வேண்டினார். அப்பணிக்கும் காவே அனுப்பப்பட்டார். புதிய நாடொன்றில் வெறுந்தரையிலிருந்து ஒரு துறையை எழுப்பிய அந்த அனுபவம், பின்னாளில் தம் நாட்டுக்கே அவருக்குக் கைகொடுத்தது.

இரண்டு போர்கள் கற்பித்த பாடம்

1962-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் சீனப்படை இமயத்தின் இரு முனைகளிலும் நம் எல்லையைத் தாக்கியது. ஒரு மாத காலத்துக்குள் நாம் பெருந்தோல்வி கண்டோம். பனிக்கேற்ற உடையும் போதிய குண்டுகளும் இன்றி நம் வீரர்கள் மடிந்தார்கள். எதிரியின் பலம் எவ்வளவு, அவன் எப்பொழுது வருவான் என்பதைச் சரியாக அறிந்து சொல்லவும், சொன்னதைக் கேட்டு ஆயத்தம் செய்யவும் நாடு தவறிவிட்டது. மறு ஆண்டே, விமானங்களிலிருந்து நிழற்படம் எடுத்து எல்லைப் பகுதிகளைக் கண்காணிக்கும் ஆய்வு மையம் ஒன்று அமைக்கப்பட்டது. ஒரிசாவில் சார்பாத்தியா என்னுமிடத்தில் அதற்கொரு விமானத்தளம் ஏற்பட்டது. அம்மையத்தின் முதல் தலைவராகக் காவ் நியமிக்கப்பட்டார்.

1965-இல் பாகிஸ்தானோடு மற்றொரு போர் மூண்டது. அதிலும் எதிரியின் படைபலம் பற்றிய துல்லியமான செய்தி கிடைக்கவில்லை எனப் படைத்தலைவர்கள் குறைபட்டுக்கொண்டனர். உள்நாட்டைக் கவனிக்கும் துறையே வெளிநாட்டையும் கவனித்தால் இரண்டும் செவ்வையாக நடவா என்பது புலனாயிற்று. பிரிட்டன் 1909 முதலும், அமெரிக்கா 1947 முதலும், இஸ்ரேல் 1949 முதலும் இதற்கெனத் தனித்துறை வைத்திருந்தன. ஆகவே பிரதமர் இந்திரா காந்தி புலனாய்வுத் துறையை இரண்டாகப் பிரித்தார். 1968-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் ‘ரா’ தோன்றியது. அதன் முதல் தலைவர் காவ். அவருக்குத் துணையாக நின்றவர் கே. சங்கரன் நாயர். ஏறத்தாழ 250 பேரோடும், ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் செலவுத்திட்டத்தோடும் அது தொடங்கியதாகச் சொல்வர்.

உளவு என்றதும், இரவில் சுவரேறிக் குதிப்பதும் வேடம் புனைவதும் துப்பாக்கியால் சுடுவதுமே நம் நினைவுக்கு வருகின்றன. திரைப்படங்கள் நமக்குக் கற்பித்த பாடம் அது. உண்மையில் இத்துறையின் பெயரிலேயே ஆராய்ச்சி, பகுப்பாய்வு என்னும் இரு சொற்கள் இருப்பதைக் கவனியுங்கள். அயல்நாட்டுச் செய்தித்தாள்களைப் படிப்பதும், வானொலி அலைகளை ஒட்டுக் கேட்பதும், வானிலிருந்து எடுத்த படங்களில் புதிதாக ஒரு சாலையோ பாலமோ தோன்றியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதும், மனிதர் மூலம் வரும் செய்தியை இவற்றோடு ஒப்பிடுவதுமே அதன் அன்றாட வேலை. பத்துச் செய்திகளில் ஒன்பது பயனற்றவையாக இருக்கும். எது உண்மை, எது ஏமாற்று என்று பிரித்தறிந்து, உரிய நேரத்தில் உரியவர் கையில் சேர்ப்பதில்தான் அதன் வெற்றி அடங்கியிருக்கிறது. ஆதலால் பொருளியல் வல்லுநர், அறிவியலார், பிறமொழி கற்றவர் எனப் பல துறையினரையும் காவ் தேடிச் சேர்த்தார். காவல்துறையினர் மட்டும் போதார் என்பது அவர் கருத்து.

இத்துறை அமைச்சரவைச் செயலகத்தின் கீழ் வைக்கப்பட்டது. அதன் தலைவர் செயலாளர் என்னும் பதவிப் பெயரோடு நேரே பிரதமருக்குச் செய்தி சொல்வார். யாரையும் கைது செய்யும் அதிகாரம் அதற்கு இல்லை. அறிவதும் அறிவிப்பதும் அதன் கடமை. முடிவெடுப்பது மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் கடமை. இந்த எல்லைக்கோட்டை நாம் மனத்தில் வைத்துக்கொண்டால்தான் காவின் வாழ்க்கையில் பின்னால் நிகழ்ந்தவை விளங்கும்.

1971

துறை தொடங்கி மூன்றாண்டு நிறைவதற்குள் பெருஞ்சோதனை வந்தது. கிழக்குப் பாகிஸ்தானில் தேர்தலில் வென்ற ஷேக் முஜிபுர் ரகுமானுக்கு ஆட்சியைத் தர மறுத்த படைத்தலைவர்கள், 1971 மார்ச் 25-ஆம் நாள் இரவு டாக்கா நகரில் மக்கள்மீது படையை ஏவினர். கொலைக்கு அஞ்சி ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் அகதிகளாய் நம் எல்லைக்குள் வந்தனர். கல்கத்தாவை அடுத்த உப்பு ஏரி முகாமில் அன்னை தெரேசாவும் அவருடைய சகோதரிகளும் அம்மக்களுக்குத் தொண்டு செய்ததை நம் கன்னியர் நன்கு அறிவர்.

அந்த ஒன்பது மாதங்களும் காவும் அவருடைய துறையினரும் ஓய்வு அறியவில்லை. விடுதலைப்படையான முக்தி வாகினிக்குப் பயிற்சி தருவதில் நம் படையினரோடு ‘ரா’வும் பங்கேற்றது. பாகிஸ்தான் படைகள் எங்கெங்கே நிற்கின்றன என்ற செய்திகளைத் திரட்டித் தலைமைத் தளபதி மானெக்ஷாவுக்கும் பிரதமருக்கும் அளித்தது. டிசம்பர் தொடக்கத்தில் பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானத்தளங்களைத் தாக்கக்கூடும் என்னும் எச்சரிக்கையும் முன்கூட்டியே கிடைத்தது. டிசம்பர் 3-ஆம் நாள் மாலை அத்தாக்குதல் நடந்தபொழுது நம் விமானங்களுக்குப் பெருஞ்சேதம் விளையவில்லை. 13 நாட்களில் போர் முடிந்தது. டிசம்பர் 16-ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. ஏறத்தாழ 93,000 பேர் கைதிகளாயினர். வங்கதேசம் என்னும் புதிய நாடு பிறந்தது.

நாடெங்கும் வெற்றி விழா நடந்தது. தளபதிகளின் படங்கள் செய்தித்தாள்களில் நிறைந்தன. காவின் படம் மட்டும் எங்கும் இல்லை. அவர் எந்த மேடையிலும் ஏறவில்லை. படம் எடுப்பவர்களைக் கண்டால் அவர் விலகிப் போய்விடுவார். வாழ்நாள் முழுவதிலும் அவருடைய படங்கள் மிகச் சிலவே வெளிவந்தன. 1962-இன் தோல்விக்கு உளவுத்துறையை எல்லோரும் வெளிப்படையாகக் குறை கூறினர். 1971-இன் வெற்றிக்கு அதனை வெளிப்படையாக யாரும் பாராட்ட இயலவில்லை. இத்தொழிலின் இயல்பு அது. அதனை மனமுவந்து ஏற்றவர் காவ்.

1975-ஆம் ஆண்டு மே மாதம் சிக்கிம் நாடு இந்தியாவின் ஒரு மாநிலமாக இணைந்தது. அதற்கான முயற்சியிலும் காவின் பங்கு இருந்தது.

சொன்னதும் கேளாததும்

செய்தி கிடைத்தால் மட்டும் போதுமா? போதாது என்பதைக் காட்டும் துயர நிகழ்ச்சி ஒன்று அவர் வாழ்வில் உண்டு. வங்கதேசத்தின் தலைவரான முஜிபுர் ரகுமானுக்கு எதிராக அவருடைய படையினருள்ளேயே சிலர் சதி செய்கின்றனர் என்ற செய்தி ‘ரா’வுக்கு எட்டியது. இந்திரா காந்தியின் இசைவோடு காவ் 1974 டிசம்பரில் தாமே டாக்காவுக்குச் சென்று முஜிபை நேரில் கண்டு எச்சரித்தார். அவர்கள் எல்லோரும் தம் பிள்ளைகள், தமக்குத் தீங்கு செய்யார் என்று முஜிப் அதனைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டார். அடுத்த ஆண்டு மார்ச்சில் மற்றோர் அதிகாரி வாயிலாகவும் காவ் செய்தி அனுப்பினார். பயனில்லை. 1975 ஆகஸ்டு 15-ஆம் நாள் விடியற்காலையில் முஜிபும் அவர் மனைவியும் மூன்று புதல்வர்களும் மருமகள்மாரும் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். கடைசிப் பிள்ளைக்கு வயது பத்து. வெளிநாட்டில் இருந்த இரு புதல்வியர் மட்டுமே தப்பினர்.

காவ் தம் கடமையைச் செய்தார். ஆயினும் ஓர் உயிரும் காக்கப்படவில்லை. ஒருவர்மேல் நாம் வைக்கும் அன்பு, அவரைப்பற்றிய உண்மையைக் கேட்கவொட்டாமல் நம் செவியை அடைத்துவிடலாம். தலைவர்களுக்கு மட்டுமன்றிக் குடும்பத்தாருக்கும் இது பொருந்தும்.

ஐயமும் பழியும்

1975 ஜூனில் நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். பத்திரிகைகளின் வாய் பூட்டப்பட்டது. பிரதமருக்கு மட்டுமே பதில் சொல்லும் ஒரு மறைவான துறை, அப்பிரதமரின் அரசியல் தேவைக்கும் பயன்பட்டிருக்குமோ என்ற ஐயம் மக்களிடம் எழுந்தது இயல்பே. 1977-இல் தேர்தலில் வென்று மொரார்ஜி தேசாய் பிரதமரானார். அவர் ‘ரா’வை நம்பவில்லை. அதன் செலவுத்தொகை குறைக்கப்பட்டது, ஆட்களும் குறைக்கப்பட்டனர். காவ் பதவியை விட்டு விலகினார். அவர்மீது எந்தக் குற்றமும் நிறுவப்படவில்லை. ஆயினும் அவர் பத்திரிகைகளில் தம்மைத் தற்காத்து எழுதவில்லை.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டும். காவ் நேர்மையானவர் என்பதால் மக்களின் ஐயம் தவறு என்று ஆகிவிடாது. ‘ரா’ நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் ஒன்றினால் தோற்றுவிக்கப்பட்டதன்று. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் அதற்கு விலக்கு உண்டு. ஊழல், மனித உரிமை மீறல் ஆகிய குற்றச்சாட்டுகள் பற்றிய செய்திகளுக்கு மட்டும் அவ்விலக்குப் பொருந்தாது. மறைவாக வேலை செய்கிறவர்களிடம் கணக்குக் கேட்பது யார் என்னும் கேள்வி, மக்களாட்சி நாடுகள் அனைத்திலும் கேட்கப்படும் கேள்வியே. பூட்டிய பெட்டியின் சாவி ஒரே கையில் இருந்தால், அக்கை நல்ல கையாக இருக்கும்வரைதான் நமக்கு நிம்மதி.

மீண்டும் பொறுப்பும் பெருந்துயரும்

1980-இல் இந்திரா காந்தி மீண்டும் ஆட்சிக்கு வந்தார். சிறிது காலத்தில் காவ் பிரதமருக்குப் பாதுகாப்பு ஆலோசகரானார். 1984-இல் தேசியப் பாதுகாப்புப் படை உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு.

அவ்வாண்டு அக்டோபர் 31-ஆம் நாள், யாரைக் காக்க அவர் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டாரோ அந்த இந்திரா காந்தி, தம் வீட்டுத் தோட்டத்தில் தம் மெய்க்காவலர்களாலேயே சுடப்பட்டு இறந்தார். காவ் அப்பொழுது அரசுப்பணியாகச் சீனத் தலைநகருக்குச் சென்றிருந்தார். செய்தி கேட்டு விரைந்து திரும்பினார். பத்தாண்டுகளுக்கு முன் டாக்காவில் முஜிபுக்கு அவர் எந்த ஆபத்தை எடுத்துச் சொன்னாரோ, அதே ஆபத்து தம் பிரதமரின் வாசலில் நின்றதைத் தடுக்க முடியவில்லை. இதன்பின் அவர் அரசுப் பொறுப்புகளிலிருந்து ஒதுங்கினார்.

தமிழராகிய நாம் மறக்கவொண்ணாத மற்றொரு செய்தியும் இக்காலத்தைச் சேர்ந்தது. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள்மீது கொடிய கலவரம் கட்டவிழ்த்துவிடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்து இராமேசுவரம் கரையில் இறங்கினர். அதையடுத்து இலங்கைத் தமிழ் இளைஞர் இயக்கங்கள் சிலவற்றுக்கு ‘ரா’வின் வாயிலாக இந்தியாவில் ஆயுதப் பயிற்சி அளிக்கப்பட்டது. 1987-இல் அமைதி காக்கச் சென்ற இந்தியப்படை, பயிற்சி பெற்ற இயக்கங்களுள் ஒன்றான விடுதலைப் புலிகளோடே போரிட நேர்ந்தது. 1990-இல் அப்படை திரும்புவதற்குள் நம் வீரர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஈழத்தமிழர் இழந்த உயிர்களும் பல. 1991 மே 21-ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். மறைவில் எடுக்கப்படும் முடிவின் பயன் மறைவில் முடிவதில்லை. அது பல ஆண்டு கழித்து, அம்முடிவைப் பற்றி ஒன்றுமே அறியாதவர்களின் வாசற்படியில் வந்து நிற்கும். காவின் வாழ்க்கையை எழுதுகிற எவரும் 1971-இன் பெருமையோடு இதனையும் சேர்த்தே எண்ணிப்பார்க்க வேண்டும்.

மனிதர் காவ்

நேரில் பழகியவர்கள் அவரை மென்மையாகப் பேசுகிறவர், நேர்த்தியாக உடுத்துகிறவர், கீழ்நிலை ஊழியரிடமும் மரியாதை குறையாதவர் என்றே நினைவுகூர்கின்றனர். தம்மிடம் பணி செய்தவர்களின் குடும்ப நலனையும் அவர் விசாரிப்பார். துறையின் முதல் தலைமுறையினர் அவருடைய பெயரைச் சேர்த்துத் தங்களைக் ‘காவ் பையன்கள்’ என்று பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள். ஓய்வு நேரத்தில் அவர் சிற்பம் வடித்தார். குதிரைகளின் உருவங்களை வடிப்பதில் அவருக்குத் தனி விருப்பம். மனைவி மாலினி, ஒரே மகள் ஆகியோரோடு அமைதியாக வாழ்ந்தார்.

ஓய்வுபெற்ற அதிகாரிகள் பலர் தம் அனுபவங்களை நூலாக எழுதிப் புகழும் பொருளும் அடைகின்றனர். எவரிடமும் இல்லாத செய்திகளை வைத்திருந்த காவ், தம் வாழ்நாளில் அத்தகைய நூல் ஒன்றை வெளியிடவில்லை. சில குறிப்புகளை மட்டும் பதிவு செய்து, தாம் மறைந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரே திறக்கப்பட வேண்டும் என்று சொல்லித் தில்லி நேரு நினைவு நூலகத்தில் ஒப்படைத்தார். அவர் 2002-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் தில்லியில் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 83.

நாம் கற்க வேண்டியவை

உளவு என்பது மறைத்தலும் ஏமாற்றுதலும் நிறைந்த தொழிலாயிற்றே, அதில் நல்லவர் ஒருவர் இருக்க முடியுமா என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. இத்தொழில் மனச்சான்றுக்கு ஆபத்தானது என்பதை மறுப்பதற்கில்லை. பகைவரிடம் மறைத்துப் பழகிய நா, நாளடைவில் நண்பரிடமும் மறைக்கும். நாட்டின் பெயரால் தொடங்கிய செயல், கட்சியின் பெயராலோ தன் பெயராலோ தொடரும். அந்த வழுக்குப் பாதையில் நடக்கிறவருக்கு ஊன்றுகோல் ஒன்றுதான்: தமக்கு மேலிருப்பவர் விரும்பும் செய்தியைச் சொல்லாமல், உள்ளபடி உண்மையைச் சொல்லும் துணிவு. டாக்காவுக்குத் தாமே சென்று கசப்பான உண்மையைச் சொன்ன காவிடம் அத்துணிவு இருந்தது. அது இல்லாத ஒற்றர், எத்துணைத் திறமை உடையவராயினும், நாட்டுக்குக் கேடே.

மாணவியரே! உங்களுள் யாரேனும் நாளை காவல்துறையிலோ வெளிநாட்டுத் தூதரகத்திலோ பணி செய்யக்கூடும். மொழி கற்றவர்க்கும், கணக்கில் வல்லவர்க்கும், வரைபடம் படிக்கத் தெரிந்தவர்க்கும் இத்துறைகளில் இடமுண்டு. அதற்கு இப்பொழுதே ஆயத்தம் செய்ய வேண்டுமானால், கேட்டதை எல்லாம் உடனே நம்பிவிடாமல் மற்றொரு வழியில் சரிபாருங்கள். தோழி நம்பிச் சொன்ன செய்தியைப் பிறரிடம் சொல்லாமல் காத்திருங்கள். ஆனால் ஒருவருக்குத் தீங்கு வரும் என்று தெரிந்தால், அந்தச் செய்தியை உரியவரிடம் சொல்லத் தயங்காதீர்கள். எதைக் காப்பது, எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது என்று பகுத்தறிவதே இக்கலையின் முதற்பாடம். வாழ்க்கையின் பாடமும் அதுவே.

பெற்றோரும் ஒன்றை எண்ணிப்பார்க்கலாம். முஜிபைப்போல், தம் பிள்ளைகளைப்பற்றி வரும் எச்சரிக்கையைக் கேட்க மனமில்லாத பெற்றோர் உண்டு. சொல்லுகிறவர் ஆசிரியையாகவோ அண்டை வீட்டாராகவோ இருக்கலாம். கேட்பதற்குக் கசப்பான செய்தியை அன்போடு கொண்டுவருகிறவர்களை நாம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

நாம் இரவில் கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாக உறங்குகிறோம். அந்த உறக்கத்துக்காக எங்கோ ஒருவர் பெயர் வெளியே தெரியாமல் விழித்திருக்கிறார். அவர்களுக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அவர்கள் செய்வது அறநெறிக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்று கேட்கவும் நாம் உரிமை பெற்றிருக்கிறோம். இவ்விரண்டையும் ஒருங்கே செய்கிற குடிமக்களாக நீங்கள் வளர வேண்டும் என்பதே எம் விருப்பம்.